வாயைத் திறந்து பார்க்காத தேசம்

ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்துக் கிராமங்களில் பெண்கள் சுருட்டைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். பற்றவைத்த முனை வாய்க்குள்ளே கனன்றுகொண்டிருக்கும், பற்றவைக்காத முனை உதட்டுக்கு வெளியே நிற்கும். வயல்வேலைக்கும் அடுப்படி வேலைக்கும் இடையே புகைப்பவர்களுக்கு இது தோதான வழி. காற்றடித்தாலும் அணையாது, ஒரே சுருட்டு நெடுநேரம் தாங்கும். ஆனால் அந்தக் கங்கின் சூடு முழுவதையும் வாங்கிக்கொள்வது மேலண்ணம். உலகின் பிற பகுதிகளில் பல் மருத்துவர்கள் அரிதாகவே பார்க்கும் மேலண்ணப் புற்றுநோய் இந்தக் கடலோர ஊர்களில் பழகிப்போன நோயாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

1960-களின் பிற்பாதியில் இந்த ஊர்களுக்கு வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டியவர்கள், பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் பேர்போன அந்த நிறுவனத்தில், பல் மருத்துவர் ஃபாலி மேத்தாவின் தலைமையில் பல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு பிரிவு இயங்கியது. ஸ்ரீகாகுளத்தோடு எர்ணாகுளம், பாவ்நகர், தர்பங்கா, சிங்பூம் என ஐந்து மாவட்டங்களில் 50,000-க்கும் மேற்பட்ட கிராமத்து மக்களின் வாயை அந்தக் குழு சோதித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் புகையிலைக்கு ஒரு வடிவம். பாவ்நகரில் பீடி, தர்பங்காவில் சுண்ணாம்பு சேர்த்து உள்ளங்கையில் கசக்கிய கைனி, எர்ணாகுளத்தில் வெற்றிலை பாக்கோடு சேர்ந்த போயிலை. பழக்கத்தின் வடிவம் மாறியபோது நோய் வரும் இடமும் வாய்க்குள் மாறியது.

குழு அத்தோடு ஊர் திரும்பிவிடவில்லை. சில மாவட்டங்களில் அதே மனிதர்களைத் தேடிப்போய்ப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தது. அதில் தெரிந்த உண்மைதான் இந்த அத்தியாயத்துக்கே அடிப்படை. புதிதாக வந்த வாய்ப் புற்றுநோய்கள் ஏறத்தாழ எல்லாமே புகையிலை பழகியவர்களுக்கு வந்தன. அவற்றில் அநேகமாக ஒவ்வொன்றும், புற்றாக மாறுவதற்கு முன்பு வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ வேறொரு மாற்றமாகவோ அதே வாயில் இருந்து வந்திருக்கிறது. கணையத்தில் புற்று வந்தால் தெரியாது, நுரையீரலில் வந்தால் இருமல் முற்றும்வரை தெரியாது. வாய் அப்படியில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. கத்தியும் வேண்டாம், ஊடுகதிரும் வேண்டாம். வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும் இருந்தால் போதும்.

அப்படிப்பட்ட நோயில் நம் நாட்டின் நிலை என்ன? பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,43,000 பேருக்கு உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்றுநோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். உலகம் முழுக்கச் சேர்த்தே ஏறத்தாழ 3,90,000 புதிய நோயாளிகள்தான். அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

இன்னோர் எண்ணையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, 30 முதல் 49 வயது வரையுள்ளவர்களிடம், புற்றுநோய்க்காக உங்கள் வாயை யாராவது எப்போதாவது சோதித்திருக்கிறார்களா என்று கேட்டது. ஆம் என்றவர்கள் ஆண்களில் 1.2 சதவீதம், பெண்களில் 0.9 சதவீதம். நூற்றில் ஒருவர். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய நோய், அதை உலகிலேயே அதிகம் சுமக்கும் நாடு, அந்த நாட்டில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேரின் வாயை யாரும் பார்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

புகையிலையோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். மீதிப் பாதி தாம்பூலத் தட்டில் இருக்கிறது. 2004-ல் அதே புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. கல்யாண வீட்டில் மரியாதையாக நீட்டப்படும் ஒரு பொருளைப் பற்றி இப்படி எழுதுவது பலருக்கு உவப்பாக இராது. விருந்துக்குப் பிறகு எப்போதாவது போடும் ஒரு பீடாவைப் பற்றி இங்கே பேச்சில்லை. காலையில் எழுந்ததும் கடைவாயில் அடக்கி, மென்று, துப்பி, மறுபடி அடக்கும் அன்றாடப் பழக்கத்தைப் பற்றித்தான் பேச்சு.

பாக்கில் அரிகோலின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. மெல்லுகிறவருக்கு லேசான கிறுகிறுப்பையும் சுறுசுறுப்பையும் தருவதும், மறுநாளும் தேட வைப்பதும் அதுதான். கன்னத்தின் உட்சதையில் உள்ள நார் செல்களை அது தூண்டிவிட, அவை கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கின்றன. பாக்கில் தாமிரமும் கணிசமாக உண்டு. அந்தத் தாமிரம், கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பின்னிப் பூட்டும் நொதியை முடுக்கிவிடுகிறது. பழைய நாரை உடல் கரைத்து அகற்றும் வேலையும் இதனால் மந்தமாகிறது. உருவாவது கூடி, கரைவது குறைந்தால் கன்னம் விறைக்காமல் என்ன செய்யும்?

கன்னம் விறைக்கும் இந்த நோயை 1952-ல் மருத்துவ உலகுக்குச் சொன்னவர் ஷ்வார்ட்ஸ். கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் அவர் இதைக் கண்டார். கடல் கடந்து போனவர்கள் பாக்குப் பெட்டியையும் கொண்டுபோயிருந்தார்கள். நோயின் தொடக்கம் மிகச் சாதாரணமானது. ரசம் எரிகிறது, ஊறுகாயைத் தொட முடியவில்லை என்பார்கள். சூட்டுப் புண் என்று நினைத்து மோர் குடிப்பார்கள். பிறகு கன்னத்தின் உட்புறம் ரத்தவோட்டம் குறைந்து வெளிறிப்போகும். விரலால் தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்படும். நலமான வாய்க்குள் மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்க முடியும். இவர்களுக்கு அது இரண்டாகும், பிறகு ஒன்றாகும். கவளத்தைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி, கடைசியில் கரைத்துக் குடிக்கும் நிலை வரும். பழக்கத்தை விட்டால் நோய் மேலும் முற்றுவது குறையலாம், ஆனால் விறைத்த கன்னம் பழையபடி இளகுவதில்லை. எர்ணாகுளத்தில் இந்த நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது 7.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது.

முன்பு இது வயதானவர்களின் நோயாக இருந்தது. பாக்கு உலர்ந்த தூளாகிப் பிளாஸ்டிக் சரத்தில் பெட்டிக்கடை வாசலில் தொங்கத் தொடங்கிய பிறகு, கல்லூரிப் பையன்களிடமும் வந்துவிட்டது. வெற்றிலை போடுவதற்கு வெற்றிலை வாங்க வேண்டும், சுண்ணாம்பு தடவ வேண்டும், காம்பு கிள்ள வேண்டும். பொட்டலத்தைப் பல்லால் கிழித்தால் முடிந்தது. பாக்குத்தூளில் புகையிலை கலந்த குட்காவுக்குத் தமிழ்நாடு 2001-லேயே தடை போட்டது. அப்படித் தடை போட மாநில அரசுக்கு அதிகாரமில்லை என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு உணவுப் பாதுகாப்பு விதிகளைப் பிடித்துக்கொண்டு 2012-ல் மத்தியப் பிரதேசம் தடை செய்ய, மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2013-ல் தமிழ்நாடும் சேர்ந்தது. வியாபாரிகள் பாக்குத்தூளை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை இன்னொரு பொட்டலத்திலும் போட்டு, இரண்டையும் அடுத்தடுத்துத் தொங்கவிட்டார்கள். வாங்குபவர் வாயில் கலந்துகொண்டார்.

ஆனாலும் எதுவும் அசையவில்லை என்று சொல்ல மாட்டேன். 2009-10-ல் இந்தியப் பெரியவர்களில் 34.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். 2016-17-ல் அது 28.6 ஆனது. தமிழ்நாட்டில் 20. தடையும், பொட்டலத்தின் மேல் போட்ட படமும், விலையேற்றமும் கூடிச் செய்த வேலை இது. பாக்கை மட்டும் யாரும் தொடவில்லை. உலகிலேயே அதிகம் பாக்கு விளைவிக்கும் நாடு இது. கர்நாடகத்தின் சிவமொக்காவிலும் தென்கன்னடத்திலும் எத்தனையோ குடும்பங்கள் பாக்குத் தோப்பை நம்பி இருக்கின்றன. அவர்களுக்கு மாற்றுப் பயிர் காட்டாமல் இந்தப் பேச்சு முன்னே நகராது.

வாயில் தெரியும் எல்லாமே வாயால் செய்த காரியத்தின் விளைவும் இல்லை. 1937-ல் சென்னை கிண்டியின் கிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஒரு நோயைப் பற்றி எழுதினார்கள். அந்த ஊர்க்காரர்களின் பற்களில் சுண்ணாம்பு வெள்ளையும் காவியுமாகத் திட்டுகள் இருந்தன. நடுவயதுக்காரர்களின் முதுகெலும்பு வளைய மறுத்தது. கழுத்தைத் திருப்ப வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். குற்றவாளி கிணற்று நீரில் கரைந்திருந்த ஃபுளோரைடு. எலும்பைத் தாக்கும் அளவுக்கு இந்தியாவில் ஃபுளோரைடு நஞ்சு இருப்பதை நிறுவிய முதல் ஆய்வு அது.

குழந்தையின் ஈறுக்குள் நிலைப்பல் உருவாகும் காலத்தில், அதாவது எட்டு வயதுக்குள், குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தால் எனாமலைக் கட்டும் செல்களின் வேலை குழம்புகிறது. எனாமல் நெருக்கமின்றி உருவாகிறது. முளைக்கும்போது வெள்ளையாகத் தெரியும் திட்டு, பிறகு சாயம் ஏறிப் பழுப்பாகிறது. தேய்த்தால் போகாது. பல் துலக்காத பிள்ளை என்று பள்ளியில் திட்டு வாங்கும் குழந்தைக்கு உண்மையில் ஊர்த் தண்ணீர்தான் அந்தக் கறையைக் கொடுத்திருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. தக்காணத்தின் கருங்கல் பாறைகளில் ஃபுளோரைடு கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிக் கிடக்கும் நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. திறந்த கிணறுகள் வற்றி, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் போய் ஆழ்துளை போட்டபோது, பல ஊர்கள் குடிக்கத் தொடங்கியது அந்தப் பழைய நீரைத்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதற்குத் தமிழ்நாட்டின் சான்று. இந்த மக்களின் பல்லைக் காப்பாற்றியது எந்தப் பல் மருத்துவமனையும் இல்லை. ஜப்பானின் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2013-ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருக்கிறது. காவிரி நீரைக் குடித்து வளரும் பிள்ளைக்குப் புதுப் பல் வெள்ளையாக முளைக்கும். அவன் அண்ணனின் கறை அப்படியே இருக்கும். பொறியாளர்கள் குழாய் போட்டுச் செய்த இந்தப் பல் வைத்தியத்தை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்று நினைக்கிறேன்.

இதே ஃபுளோரைடு சிறிய அளவில் பல்லுக்குக் காவல் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல்லின் மேல் படியும் படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அமிலத்தன்மை ஓர் எல்லையைத் தாண்டினால், பி.எச். 5.5-க்குக் கீழே போனால், எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். உமிழ்நீர் மெல்ல அமிலத்தை முறித்து, கரைந்ததைத் திரும்பப் பதிக்கும். பற்பசையில் உள்ள ஃபுளோரைடு அந்த மறுபதிப்பை விரைவுபடுத்துகிறது, புதிதாகப் பதியும் பரப்பையும் அமிலத்துக்கு எளிதில் மசியாததாக்குகிறது. ஆனால் உமிழ்நீருக்கு இதற்கெல்லாம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வேண்டும். எட்டு மணிக்குச் சர்க்கரை போட்ட டீ, ஒன்பதரைக்கு பிஸ்கட், பதினொன்றுக்கு மறுபடி டீ, இடையில் ஒரு மிட்டாய் என்று போனால் பழுதுபார்க்க நேரமே கிடைக்காது. மொத்தம் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பது பல்லைப் பொறுத்தவரை பெரிய கேள்வி. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் கரியாகிப் போவதும் இதனால்தான்.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தை. 12 வயதில் 53.8, 15 வயதில் 63.1. இவற்றில் பெரும்பகுதி அடைக்கப்படாமல் விடப்பட்டவை. அதற்குப் பிறகு அந்த அளவுக்கு விரிவான நாடு தழுவிய வாய்க்கணக்கு எடுக்கப்படவில்லை. இன்றும் ஆய்வுக் கட்டுரைகள் இருபதாண்டு பழைய இந்த எண்களைத்தான் எடுத்து வைக்கின்றன.

அதே கணக்கில் 35 முதல் 44 வயதினரில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு ஈறு ஏதோ ஒரு வகையில் கெட்டிருந்தது. ஈறில் ரத்தம் வருவதைப் பலரும் நோயாகவே எண்ணுவதில்லை. பல் ஆடினால் வயதாகிவிட்டது என்பார்கள். ஈறுநோய்க்கும் நீரிழிவுக்கும் இருவழி உறவு உண்டு. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறில் நிலைத்துவிட்ட அழற்சி சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாது. ஈறுநோய்க்கு ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தால் மூன்று நான்கு மாதங்களில், ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு ஏறத்தாழ 0.4 புள்ளி இறங்குவதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. கூடுதலாக ஒரு மாத்திரை தரும் பலனுக்கு இது அருகில் வரும். 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ள நாட்டில், சர்க்கரை மருத்துவர் கால் பாதத்தைப் பார்ப்பதுபோல் ஈறையும் பார்க்க வேண்டாமா?

பல் மருத்துவர்கள் போதவில்லை என்று சிலர் சொல்வார்கள். 1920-ல் கல்கத்தாவில் ரஃபியுதீன் அகமது முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியபோது அது உண்மை. இன்று 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 25,000-க்கும் மேல் இடங்கள். படித்து முடித்த பிள்ளைகள் பலர் வேலை கிடைக்காமல் வேறு தொழிலுக்குப் போகிறார்கள். மருத்துவர்கள் நகரங்களில் குவிந்துகிடக்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் நாற்காலி இருப்பதே பல மாநிலங்களில் அபூர்வம். சிகிச்சைச் செலவு ஏறத்தாழ முழுக்க நோயாளியின் பையிலிருந்து வருகிறது. வேர் சிகிச்சை செய்து உறை போட ஆகும் தொகையைக் கேட்டதும், கூலி வேலை செய்பவர் பிடுங்கிவிடுங்கள் என்கிறார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆயினும், கல்லூரிகளை மேலும் பெருக்குவதால் மட்டும் இது தீராது என்பதற்கு நம்மிடமே ஒரு பெரிய சான்று இருக்கிறது.

1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் மண்டல புற்றுநோய் மையமும் பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து ஒரு சோதனையைத் தொடங்கின. தலைமை வகித்தவர் சங்கரநாராயணன். 13 ஊராட்சிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, ஏழில் வாய்ப் பரிசோதனை, ஆறில் வழக்கமான மருத்துவம் மட்டும் என்று வைத்தார்கள். 35 வயதுக்கு மேற்பட்ட 1,91,873 பேர் இதில் அடங்கினர். வாயைப் பார்த்தவர்கள் மருத்துவர்கள் இல்லை. பட்டம் படித்து, இதற்கெனப் பயிற்சி எடுத்த சாதாரண ஊழியர்கள். வீட்டு வாசலில் வெளிச்சம் பார்த்து உட்கார வைத்து, கன்னம், ஈறு, நாக்கு, நாக்கின் அடி, அண்ணம் என்று பார்த்தார்கள். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். மூன்றாண்டுக்கு ஒரு முறை திரும்ப வந்தார்கள்.

2005-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. புகையிலையோ மதுவோ பழகியவர்களில், பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் எதுவும் இல்லாதவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. யார் வாயை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கும் அதிலேயே விடை வந்துவிட்டது. உலகில் இவ்வகையில் நடந்த மிகப் பெரிய சோதனை இது, நடந்தது நம் பக்கத்து மாநிலத்தில், செய்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

2016-ல் மத்திய அரசு 30 முதல் 65 வயது வரையுள்ள எல்லோருக்கும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாய்ப் பரிசோதனை என்று வழிகாட்டு நெறி வெளியிட்டது. முன்பு சொன்ன 1.2 சதவீதமும் 0.9 சதவீதமும் அந்த நெறி வெளியாகிச் சில ஆண்டுகள் கழித்து எடுத்த கணக்கு. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அவர்கள் பையில் ஒரு டார்ச் லைட்டையும் கையுறையையும் வைத்து, புகையிலை, பாக்கு பழகியவர்களின் வாயை ஒவ்வொரு வருகையிலும் பார்க்கச் சொல்வதற்குப் புதிதாக ஒரு கட்டடம்கூடத் தேவையில்லை.

அதுவரை நம் வீட்டில் நாமே பார்க்கலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். பல் செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். உதடுகளை மேலும் கீழும் புரட்டுங்கள். இரு கன்னங்களையும் விரலால் விலக்கிக் கடைவாய் வரை பாருங்கள், போயிலையோ பாக்கோ அடக்கும் பக்கத்தை இன்னும் கவனமாக. நாக்கை நீட்டி இரண்டு ஓரங்களையும், மடக்கி அடிப்பகுதியையும், தலையைப் பின்னால் சாய்த்து அண்ணத்தையும் பாருங்கள். துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, விரலுக்குக் கட்டியாகத் தட்டுப்படும் இடம், இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய், கழுத்தில் புதிதாகத் தோன்றிய நெறி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ போங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். முன்புற்றுத் திட்டுகளில் பெரும்பாலானவை வலிப்பதில்லை.